பதிவேட்டில் இல்லாத பெயர்கள்: சேலத்தில் சிறுபான்மைச் சமயத்தவரின் மனநலத்தை அளப்பது எப்படி?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம், முஸ்லிம்கள் 5.86 சதவீதம், சமணர்கள் 0.12 சதவீதம். சேலம் மாவட்டத்தில் கிறிஸ்தவர், முஸ்லிம் இரு தரப்பின் பங்கும் மாநில அளவைவிடக் குறைவு. மாவட்டம் முழுக்கக் குலுக்கல் முறையில் ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து மனநலக் கேள்விகளைக் கேட்டால், அதில் முஸ்லிம்கள் சில பத்துப் பேர் வருவார்கள். சமணர் ஒருவர்கூட வராமலே போகலாம். அந்தச் சில பத்துப் பேரையும் ஆண், பெண், வயது, வருமானம் என்று பிரித்தால் ஒவ்வொரு கட்டத்திலும் நாலைந்து பேர்தான் மிஞ்சுவார்கள்.

பெங்களூருவிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு ஏதோவொரு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. தமிழ்நாடும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. ஆனால் சேலம் கோட்டைப் பகுதியில் வாழும் முஸ்லிம் பெண்ணின் நிலை என்ன, ஏற்காடு எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கும் கிறிஸ்தவத் தொழிலாளியின் நிலை என்ன என்பதை அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. இதற்காகத்தான் உளவியல் பேராசிரியர்கள் சிறுபான்மைச் சமயத்தவரிடம் தனியாக ஆய்வு நடத்துகிறார்கள். இந்த வகை ஆய்வுகள் கெடுவது பெரும்பாலும் கணினியில் போடும் புள்ளியியலால் அல்ல. யாருடைய பட்டியலை வாங்கினார்கள், எந்த மாதத்தில் கேட்டார்கள், கேட்கும்போது பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்ற மூன்றிலேயே பாதி முடிவு தீர்மானமாகிவிடுகிறது.

பட்டியல் யாருடையது?

ஆய்வுக்கு ஆள் தேட எளிய வழி, வழிபாட்டு இடத்தின் பதிவேடு. பள்ளிவாசலைச் சார்ந்த ஜமாஅத்தில் சந்தாப் பதிவேடும் நிக்காஹ் (திருமண) பதிவேடும் இருக்கும். கத்தோலிக்கப் பங்குகளில் குடும்ப அட்டையும், அன்பியம் எனும் அக்கம்பக்கக் குழுவாரியான பட்டியலும் உண்டு. சி.எஸ்.ஐ. சபைகளில் அங்கத்தினர் பட்டியல் இருக்கும். பெந்தெகொஸ்தே வீட்டுச் சபைகளில் எழுத்தில் எதுவும் இருக்காது. பாஸ்டரின் வாட்ஸ்அப் குழுதான் பட்டியல். செவ்வாய்ப்பேட்டையில் வியாபாரம் செய்யும் சமணக் குடும்பங்களின் விவரம் அவர்களுடைய சங்கத்திடம் கிடைக்கும்.

பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியோ பங்குத்தந்தையோ அனுமதி கொடுத்துப் பட்டியலையும் நீட்டினால் ஆய்வுக்குழுவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. அந்தப் பட்டியலில் இல்லாதவர்கள் யார் என்று பாருங்கள். சந்தா பாக்கி வைத்தவர், வேறு சமயத்தில் திருமணம் செய்துகொண்டவர், தலாக்கோ (கணவர் தரும் மணவிலக்கு) குலாவோ (மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு) ஆகி வேறு மஹல்லாவில் (பள்ளிவாசல் பகுதியில்) உள்ள தாய்வீட்டுக்குத் திரும்பிய பெண், சபையில் சண்டை போட்டு நின்றுபோனவர், வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்த்துக்கொள்ளப்படும் மனநோயாளி. தனிமையும் மனச்சுமையும் மிகுதியாக இருக்க வாய்ப்புள்ளவர்கள் இவர்கள்தான். இவர்களை விட்டுவிட்டு எடுத்த கணக்கில் 'சமய ஈடுபாடு உள்ளவர்களுக்கு மனநலம் நன்றாக இருக்கிறது' என்ற முடிவு தானாகவே வந்து நிற்கும்.

கிறிஸ்தவர்களிடம் இன்னொரு முடிச்சும் உண்டு. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி கிறிஸ்தவத்துக்கு மாறிய தலித்துகள் பட்டியல் சாதிச் சலுகையைப் பெற முடியாது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் அந்த ஆணை திருத்தப்பட்டது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும் ஒருவரின் சான்றிதழில் 'இந்து' என்று இருக்கலாம். கேள்வித்தாளில் 'உங்கள் மதம்?' என்று ஒரே கட்டம் வைத்தால், அவர் வந்தவரை அரசாங்க ஆள் என்று நினைத்துச் சான்றிதழில் உள்ளதைத்தான் சொல்வார். அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, எங்கே வழிபடுகிறீர்கள், வீட்டில் என்ன வழிபாடு, பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தது யார் என்று மூன்று கேள்விகளாகப் பிரித்துக் கேட்பதே சரி. சான்றிதழைப் பற்றிக் கேட்கவே கூடாது. ஆய்வுக்கு அது தேவையில்லை, கேட்டால் பயம்தான் வரும்.

பட்டியலின் ஓட்டையை அடைக்க மூன்று வழியாக ஆள் சேர்க்கலாம். ஒரு பங்கு பதிவேட்டிலிருந்து. ஒரு பங்கு தெருவில் வீட்டுக்கு வீடு இலக்கம் போட்டு எடுத்த பட்டியலிலிருந்து. ஒரு பங்கு சங்கிலி முறையில், அதாவது பேட்டி கொடுத்த ஒவ்வொருவரிடமும் மூன்று சீட்டு கொடுத்து, தமக்குத் தெரிந்த, பள்ளிவாசலுக்கோ சபைக்கோ வராத ஆட்களிடம் சேர்க்கச் சொல்வது. சீட்டு வைத்திருப்பவர் விரும்பினால் அவரே அழைப்பார். அவர் பெயரை முதலாமவர் ஆய்வாளரிடம் சொல்ல வேண்டியதில்லை. யார் எந்த வழியில் வந்தார் என்பதைத் தரவில் தனி நெடுவரிசையாக வைக்க வேண்டும். பதிவேட்டுவழி வந்தவர்களுக்கும் சீட்டுவழி வந்தவர்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, இரண்டு சமயங்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டைவிடப் பெரிதாக இருந்தால், ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பே அதுதான்.

எத்தனை பேர் வேண்டும்? மனச்சோர்வு சுமார் 10 சதவீதம் இருக்கலாம் என்று வைத்து, முடிவு 3 சதவீதப் புள்ளி முன்பின் போகலாம் என்று ஏற்றுக்கொண்டால், வழக்கமான சூத்திரம் 384 பேர் என்று சொல்லும். ஒரே தெருவில், ஒரே அன்பியத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதால் அதை 1.5ஆல் பெருக்கினால் 576. பத்தில் ஒருவர் மறுப்பார் என்று கணக்கிட்டால் 640 வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். இது ஒரு சமயத்துக்கு மட்டும். நான்கு சமயப் பிரிவுக்கும் சேர்த்து 300 பேரை வைத்துக்கொண்டு ஒப்பீட்டு அட்டவணை போடும் ஆய்வேடுகளை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் நிலைமை புரியும்.

யாரோடு ஒப்பிடுவது?

சேலம் நகரத்தில் சமயமும் தொழிலும் மொழியும் வசிக்கும் தெருவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வீட்டில் உருது பேசும் முஸ்லிம் குடும்பத்தையும், அடகுக்கடையோ துணிக்கடையோ நடத்தும் சமணக் குடும்பத்தையும், அம்மாபேட்டையில் தறி ஓட்டும் இந்துக் குடும்பத்தையும் ஒப்பிட்டு வேறுபாடு கண்டால், அது சமயத்தால் வந்ததா, கடனால் வந்ததா, இரவு முழுக்கத் தறிச் சத்தத்தில் தூங்கியதால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது.

இந்த வகையில் சேர்வராயன் மலை ஆய்வாளருக்கு ஒரு வசதியைத் தருகிறது. ஏற்காட்டுக் காப்பி எஸ்டேட்டுகளின் லைன் வீடுகளில் கிறிஸ்தவக் குடும்பமும் இந்துக் குடும்பமும் அடுத்தடுத்த கதவில் இருப்பதுண்டு. கூலி ஒன்று, வேலை ஒன்று, தண்ணீர்க் குழாய் ஒன்று, சேலத்துக்கு இறங்கும் இருபது கொண்டை ஊசி வளைவும் ஒன்று. வேறுபடுவது வழிபாடு மட்டும் என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது, சாதி இருக்கிறது. ஆனாலும் நகரத்தைவிட இங்கே ஒப்பீடு எவ்வளவோ சுத்தம். மலையாளி என்றே பெயர் கொண்ட, இந்த மலையின் பழங்குடியினரின் ஊர்களை இந்த ஒப்பீட்டில் கலக்கக் கூடாது. அவர்களுடைய நிலவுடைமையும் வழிபாடும் வாழ்க்கைமுறையும் வேறு. அதற்குத் தனி ஆய்வு வேண்டும்.

மலையில் நாள் பார்ப்பதும் முக்கியம். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் கையில் காசு புழங்கும், உடம்பு அலுத்திருக்கும். மழை மாதங்களில் உடம்புக்கு ஓய்வு இருக்கும், கை காலியாக இருக்கும். ஒரு லைனைப் பறிப்புக் காலத்திலும் இன்னொரு லைனை மழையிலும் கேட்டுவிட்டு ஒப்பிட்டால், அளந்தது காப்பிப் பருவத்தையே. இரு தரப்பையும் அதே வாரங்களில், வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு கேட்க வேண்டும். சம்பள நாளும் ஞாயிறும் ஆகாது.

இன்னொன்று: மலையில் சிகிச்சைக்கு வராமல் இருப்பதற்குச் சமய நம்பிக்கையைக் காரணம் காட்டுவது பல ஆய்வுகளுக்கு வழக்கமாகிவிட்டது. மாதம் ஒருமுறை மாத்திரை வாங்கச் சேலம் இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போகிறது. இதைக் கேட்காத கேள்வித்தாளில், ஜெபத்தை நம்பியதால் மருத்துவமனைக்கு வரவில்லை என்ற பதிலுக்குத்தான் இடம் இருக்கும்.

ஒன்பது கேள்விகள் படும் பாடு

மனச்சோர்வைச் சலித்தெடுக்க உலகெங்கும் பயன்படுவது பி.எச்.க்யூ-9 என்ற சிறிய கேள்வித்தாள். கடந்த இரண்டு வாரத்தில் என்று தொடங்கி ஒன்பது கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண்; மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டியவர் என்று பொருள். எளிமையான கருவி, கேட்க ஐந்து நிமிடம் போதும். நம் ஊர்ச் சமய வாழ்க்கைக்குள் கொண்டுவரும்போது ஒவ்வொரு கேள்வியும் எப்படி வளைகிறது என்பதை நின்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி தூக்கத்தையும் ஐந்தாவது கேள்வி பசியையும் பற்றியது. ரமலான் மாதத்தில் விடியலுக்கு முந்தைய சஹர் உணவுக்கு எழுந்து, பகலெல்லாம் பட்டினி இருந்து, தராவீஹ் எனும் இரவுத் தொழுகை முடித்துப் படுக்கும் ஒருவரிடம் இவற்றைக் கேட்டால் எந்த நோயும் இல்லாமலே 3, 4 மதிப்பெண் ஏறிவிடும். பெருநாள் முடிந்த மறுநாளே கேட்டாலும் 'கடந்த இரண்டு வாரம்' நோன்புக்குள்தான் விழும். குறைந்தது மூன்று வாரம் விட்டுத்தான் தொடங்க வேண்டும். கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கும், சமணர்களில் சுவேதாம்பரரின் எட்டு நாள் பர்யூஷணுக்கும், திகம்பரரின் பத்து நாள் தசலட்சணத்துக்கும் இதே கணக்கு. கணவரை இழந்து இத்தா எனும் காத்திருப்புக் காலத்தில் இருக்கும் முஸ்லிம் பெண்ணுக்கு அது நான்கு மாதம் பத்து நாள். அந்த நாட்களில் வெளியே போகாதது, அலங்காரம் செய்யாதது எல்லாம் நோய்க்குறி ஆகாது. அதே சமயம் இத்தாவுக்குள் உண்மையான மனச்சோர்வு ஒளிந்துகொள்ளவும் முடியும். அப்படிப்பட்டவரை ஆய்விலிருந்து நீக்காமல், தனிக் குறியிட்டு வைத்து, காலம் முடிந்தபின் மறுபடி கேட்பதே நல்லது.

இரண்டாவது கேள்வி நம்பிக்கையிழப்பைப் பற்றியது. இதில்தான் மிகப் பெரிய சறுக்கல். "எதிர்காலத்தில் நம்பிக்கையே இல்லை என்று தோன்றியதா?" என்று கேட்டால் பக்தியுள்ள முஸ்லிம் பெரியவர், "அஸ்தஃபிருல்லாஹ், அல்லாஹ் இருக்கான், அப்படியெல்லாம் நினைக்கலாமா?" என்பார். இறைவனின் அருளில் நம்பிக்கை இழப்பதே பாவம் என்று போதிக்கப்பட்டவர் அவர். பெந்தெகொஸ்தே சபையில் அதே கேள்வி அவிசுவாசத்தைப் பற்றிய கேள்வியாகக் காதில் விழும். இரு இடத்திலும் பதில் 0. ஆறாவது கேள்வி குற்ற உணர்வைப் பற்றியது. அங்கே தலைகீழாக நடக்கிறது. 'நான் பாவி' என்று தினமும் ஜெபிப்பவர், 'உங்களைப் பற்றி நீங்களே மோசமாக நினைத்ததுண்டா' என்றால் உடனே 'ஆமாங்க' என்பார். அது அவருடைய ஜெபத்தின் மொழி, நோயின் மொழி அல்ல.

கேள்வியின் சொற்களை இஷ்டத்துக்கு மாற்றினால் பிற ஊர் முடிவுகளோடு ஒப்பிட முடியாது. சொல்லை அப்படியே வைத்துவிட்டு, பதிலுக்குப் பின் ஒரு துணைக்கேள்வி சேர்க்கலாம்: "ஜெபத்தில் சொல்வது சரிங்க, அது இல்லாமல், சமைக்கும்போது, பஸ்ஸில் போகும்போதும் அந்த நினைப்பு வந்து உறுத்துதா?" இப்படி இரு பதிலையும் தனித்தனியாகப் பதிய வேண்டும்.

இதையெல்லாம் முன்கூட்டியே கண்டுபிடிக்க, கேள்வித்தாளை மொழிபெயர்த்து மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்ச் சரிபார்ப்பது போதாது. அந்தச் சோதனையில் மேலே சொன்ன எல்லாக் கேள்வியும் சுலபமாகத் தேறிவிடும். ஒவ்வொரு பிரிவிலும் எட்டுப் பத்துப் பேரிடம் கேள்வியை வாசித்து, "இது என்ன கேக்குதுன்னு உங்க வார்த்தையில சொல்லுங்கம்மா" என்று கேட்க வேண்டும். கேள்வி எங்கே முறிகிறது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். சேலத்தில் வீட்டில் உருது பேசும் மூத்த பெண்களில் பலருக்கு உருது எழுத்தைவிடத் தமிழ் எழுத்துதான் பழக்கம். ஆகவே நூல்நடை உருதுத் தாள் பயன்படாது. வீட்டில் பேசும் தக்கினி எனும் தென்னக உருதுவில் பேட்டியாளர் வாசித்துக் கேட்க வேண்டும். அந்த வாசகத்தைத் தமிழ் எழுத்தில் வைத்துக்கொண்டாலும் தவறில்லை.

தரவு வந்தபின் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஒரே அளவு மனச்சோர்வு உள்ள இருவர், சமயம் வேறு என்பதால் மட்டும் ஒரு கேள்விக்கு வேறு மதிப்பெண் போடுகிறார்களா என்று கேள்வி கேள்வியாகப் பார்ப்பது. உதாரணத்துக்கு, இரு பிரிவின் சராசரி 1.7 மதிப்பெண் வேறுபடுகிறது, அதில் 1.2 தூக்கம், பசி இரண்டிலிருந்தே வருகிறது என்றால், அந்த ஆய்வு மனச்சோர்வைப் பற்றிச் சொல்லும் செய்தி மிகக் கொஞ்சம். இந்தச் சோதனையைச் செய்யாமல் சராசரிகளை நேராக ஒப்பிட்ட ஆய்வை நம்ப வேண்டியதில்லை.

15 சதவீதம் என்றால் 15 சதவீதமா?

சலிப்பது வேறு, நோயைக் கண்டறிவது வேறு. பி.எச்.க்யூ-9ஐ உருவாக்கியவர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், பத்து மதிப்பெண்ணை எல்லையாக வைத்தால் நோய் உள்ளவர்களில் 88 சதவீதத்தினரைப் பிடிக்கும், இல்லாதவர்களில் 88 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிடும் என்று கண்டார்கள். நல்ல அளவுதான். இப்போது ஒரு சமூகத்தில் ஆயிரம் பேர், அவர்களில் உண்மையில் 50 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். கருவி அதில் 44 பேரைப் பிடிக்கும். நோய் இல்லாத 950 பேரில் 12 சதவீதம், அதாவது 114 பேரையும் சேர்த்தே பிடிக்கும். மொத்தம் 158. ஆய்வறிக்கை '15.8 சதவீதம்' என்று எழுதும். உண்மை 5 சதவீதம். பிடிபட்ட ஒவ்வொரு நான்கு பேரில் ஏறத்தாழ மூன்று பேருக்கு அந்த நோய் இல்லை.

இந்தப் பிழை எல்லா ஆய்விலும் உண்டு. ஆனால் ஒரு பெரிய மக்கள்தொகையின் மீது இப்படியொரு எண் விழுந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். சிறிய சமூகத்தின் மீது விழுந்தால் 'அந்த ஆளுங்க ஆறில் ஒருத்தர் மனநோயாளி' என்று பேச்சாகிவிடும். பெண் பார்க்கும் இடம் வரை போய்ப் பேசும். ஆகவே பத்துக்கு மேல் வந்த எல்லோரையும், பத்துக்குக் கீழே வந்தவர்களில் குலுக்கலில் எடுத்த ஒரு பகுதியையும், பயிற்சி பெற்ற மருத்துவ உளவியலாளரோ மனநல மருத்துவரோ முறையாகப் பேட்டி காண வேண்டும். இந்த இரண்டாம் கட்டத்துக்குப் பணமும் ஆளும் இல்லையென்றால், சதவீதத்தை அச்சிடாமல் மதிப்பெண் பரவலை மட்டும் தருவதே நேர்மை.

பக்தியை அளப்பதும் அப்படித்தான்

சமய ஈடுபாட்டை அளக்க டியூக் பல்கலைக்கழகத்தின் ஐந்து கேள்வி அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது. அதன் முதல் கேள்வியே வழிபாட்டு இடத்துக்கு எவ்வளவு அடிக்கடி போகிறீர்கள் என்பது. இங்குள்ள பெரும்பாலான பள்ளிவாசல்களில் ஜும்ஆவுக்குப் போவது ஆண்கள். ஐவேளையும் வீட்டில் தொழுது குர்ஆன் ஓதும் பெண் அந்தக் கேள்வியில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்குவார். அவருக்கு மனச்சோர்வும் இருந்தால், 'ஈடுபாடு குறைந்தவர்களுக்கு மனச்சோர்வு அதிகம்' என்று புள்ளியியல் பொய் சொல்லும். முதல் கேள்வியைப் பெண்களுக்குத் தனியாகப் பார்ப்பதோடு, தஃலீம் (மார்க்க வாசிப்பு), ஜெபக்கூட்டம், அன்பியக் கூட்டம் போன்ற வீட்டுக்கூடல்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதைவிடப் பயனுள்ளது கென்னத் பார்கமென்ட் உருவாக்கிய 14 கேள்விச் சுருக்க அளவுகோல். சோதனை வரும்போது சமயத்தை எப்படிப் பற்றிக்கொள்கிறார் என்பதை அது கேட்கிறது. ஏழு கேள்விகள் ஆறுதல் தரும் வகை: இறைவனிடம் ஒப்படைத்தல், மன்னிப்பு, துணை. ஏழு வாட்டும் வகை: கடவுள் என்னைக் கைவிட்டார், தண்டிக்கிறார், இது பிசாசின் வேலை, என் சபை என்னை ஒதுக்கிவிட்டது. சமயம் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்துக்குப் பதிலாக, ஒரே சமயத்துக்குள் யாருக்கு அது தோள் கொடுக்கிறது, யாருக்கு அது சுமையாகிறது என்று பிரித்துக் காட்ட இது உதவும்.

அந்த வாட்டும் வகைக்குள் அடங்காத ஒன்றும் உண்டு. தொழுகைக்கு முன் ஒளு எனும் தூய்மை செய்யும்போது உறுப்புகளை மூன்று முறை கழுவுவது வழக்கம். ஒருவர் செய்த ஒளு செல்லுமா, ஒரு மயிர்க்கால் நனையாமல் போனதா என்ற சந்தேகத்தில் முப்பது முறை கழுவி, அதற்குள் தொழுகை நேரமே தப்பிவிடுகிறது என்றால், வீட்டார் அதை வஸ்வாஸ் என்பார்கள். மனநலத் துறையில் அது எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.). சொன்ன பாவத்தையே மறுபடி மறுபடி பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி நிம்மதி இல்லாமல் திரும்பும் கத்தோலிக்கருக்கும் இதே நோய் இருக்கலாம். இதில் அனுபவமுள்ள ஆலிமோ (மார்க்க அறிஞரோ) குருவானவரோ பெரிய துணை. "மூணு தரம் போதும், அதுக்கு மேல கழுவுறதுதான் தப்பு" என்று ஹஸ்ரத் சொன்னால் நோயாளி கேட்பார். மருத்துவர் சொன்னால் கேட்காமலும் போகலாம்.

பக்கத்தில் யார்?

மாமியார் பக்கத்தில் இருக்கும்போது மருமகள் சொன்ன பதிலை வெறும் தாளாகத்தான் கருத வேண்டும். இருவராகப் போய், ஒருவர் மாமியாரிடம் வீட்டு விவரங்களைக் கேட்டுக்கொண்டிருக்க, மற்றவர் உள்ளறையில் மருமகளிடம் பேசலாம். பெண்ணிடம் பெண்தான் பேட்டி எடுக்க வேண்டும். பள்ளிவாசல் அறையிலோ தேவாலய வளாகத்திலோ பேட்டி வேண்டாம். கையெழுத்துப் போடத் தெரியாதவரிடம் ஒப்புதல் வாங்கும்போது சார்பில்லாத சாட்சி ஒருவர் இருக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை. முத்தவல்லியும் பாஸ்டரும் அந்தச் சாட்சியாக ஆக முடியாது.

ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணத்தைப் பற்றியது. "ஆண்டவர் எடுத்துக்கிட்டா நல்லது", "அல்லாஹ் கூப்பிட்டா போயிடலாம்" என்று வயதானவர்கள் சொல்வதில் ஆபத்து இல்லாமலும் இருக்கலாம், இருக்கவும் இருக்கலாம். எண்ணம் மட்டுமா, எப்படி என்ற திட்டம் உண்டா, அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று அடுத்தடுத்துக் கேட்டாக வேண்டும். மலையில் பூச்சிமருந்து எங்கே வைக்கப்படுகிறது என்பதும் அந்தக் கேள்விக்குள் வரும். தற்கொலை பாவம் என்ற போதனை பலரைக் காப்பாற்றுகிறது. பலரை வாய் திறக்க விடாமலும் செய்கிறது. 1, 2, 3 என்று எந்த மதிப்பெண் வந்தாலும் அன்றைக்கே மேற்பார்வையாளருக்குத் தெரிவித்து, திட்டம் இருந்தால் ஆளைத் தனியே விடாமல் மருத்துவமனையோடு சேர்த்துவிடுவது வரை எழுத்தில் இருக்க வேண்டும். எல்லா வீட்டிலும் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் 104 என்ற சுகாதார உதவி எண்ணையும் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். சிலருக்கு மட்டும் கொடுத்தால் யார் என்ன சொன்னார் என்று வீட்டாருக்குத் தெரிந்துவிடும்.

தர்கா, ஜெபக்கூடம், மாத்திரை

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தர்காவை ஒட்டி நடந்த தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். சமயம் சார்ந்த குணமாக்கல் என்றாலே அந்தச் சங்கிலிதான் நினைவுக்கு வருகிறது, அதில் தவறில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு எந்த வடிவத்திலும் சங்கிலி போடக்கூடாது என்கிறது. ஆனால் அந்தத் தீ விபத்துக்கு அடுத்த ஆண்டே, 2002இல் வெளியான ஆய்வில், மனநல மருத்துவர் ரகுராமின் குழுவினர் தமிழகக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைக் கவனித்து, சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்ததைப் பதிவு செய்தார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு அது. தங்கலும் பரிவும் செய்த வேலை எவ்வளவு, கோயில் செய்த வேலை எவ்வளவு என்று அதில் பிரிக்க முடியாது. ஏர்வாடியில் பின்னாளில் அரசே தர்காவோடு சேர்ந்து மருந்தும் துஆவும் (பிரார்த்தனையும்) ஒன்றாகக் கிடைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. குஜராத்தின் மீரா தாத்தார் தர்கா அதற்கு முன்மாதிரி.

ஆகவே ஓதிப் பார்த்தீர்களா, தாயத்து கட்டினீர்களா, உபவாச ஜெபத்துக்குப் போனீர்களா என்பதைக் குற்ற விசாரணைபோலக் கேட்காமல், எங்கெல்லாம் போனீர்கள், எந்த வரிசையில், எவ்வளவு செலவு, எதில் கொஞ்சம் தேவலை என்று கேட்க வேண்டும். மருத்துவருக்கு இதில் உடனடிப் பயனும் உண்டு. இருதுருவ நோய்க்கு (பைபோலார்) லித்தியம் மருந்து சாப்பிடுபவர் தண்ணீரும் குடிக்காமல் 13 மணி நேரத்துக்கு மேல் நோன்பிருந்தால் உடலில் நீர் வற்றி, இரத்தத்தில் மருந்து நச்சளவுக்கு ஏறலாம். ரமலானுக்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டியவர் அவர். இருதுருவ நோய் உள்ளவருக்கு முழு இரவு ஜெபம் ஒன்று போதும், தூக்கம் கெட்டு, மனம் கட்டுமீறிப் பரபரக்கும் எழுச்சி நிலை தொடங்க. சூரியன் மறைந்தபின் தண்ணீரும் தொடாத சமணருக்கு இரவு படுக்கும்முன் என்று எழுதிய மாத்திரை உள்ளே போகாது. விலங்குக் கொழுப்போ எலும்போ கலந்ததோ என்று சந்தேகித்து ஜெலட்டின் உறையுள்ள கேப்சூலைச் சமணரும் முஸ்லிம்களும் ஒதுக்குவதுண்டு. மாத்திரை வடிவம் கிடைத்தால் அதை எழுதலாம். கேஸ் ஷீட்டில் இவையெல்லாம் 'மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை' என்ற ஒரே வரியாகிவிடுகின்றன.

அதே 2017 சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒருவர் எந்தச் சமயக் குழுவைச் சேர்ந்தவர் என்பதை வைத்தோ, தன் சமூகத்தின் சமய நம்பிக்கைக்கு அவர் உடன்படவில்லை என்பதை வைத்தோ மனநோய் இருப்பதாகத் தீர்மானிக்கக் கூடாது என்கிறது. மதம் மாறிய மகளையும், தொழுகையை விட்ட மகனையும் 'புத்தி பேதலிச்சுட்டுது' என்று அழைத்துவரும் குடும்பங்கள் உண்டு. பேராசிரியரின் குழு அந்த வீட்டில் யாருடைய பேச்சை நோய்க்குறி என்று எழுதுகிறது என்பதற்கு இந்தப் பிரிவு நேரான அளவுகோல்.

அச்சுக்குப் போகுமுன்

ஐந்து பேருக்குக் குறைவாக உள்ள எந்தக் கட்டத்தையும் அட்டவணையில் விடக்கூடாது. 'செவ்வாய்ப்பேட்டை, சமணர், பெண், 40-50, விவாகரத்தானவர்' என்று எழுதினால் அந்தத் தெருவுக்கே ஆள் யார் என்று தெரியும். பெயரை மாற்றிப் போடுவதால் ஒன்றும் மறையாது. தெருவை நீக்கி 'சேலம் நகரம்' என்று எழுதலாம், வயதை இருபது ஆண்டு இடைவெளியாக்கலாம், சிறிய சமயங்களைச் சேர்த்துக் காட்டலாம். பேட்டியின் மேற்கோளில் 'நன்னி', 'சின்னாயா' போன்ற உறவுப் பெயர்கள்கூட ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

முடிவுகளை முதலில் பங்கேற்றவர்களிடம் வாசித்துக் காட்ட வேண்டும். ஜமாஅத், பங்குப் பேரவை, சபைக் கமிட்டி ஆகியவற்றின் கருத்தையும் கேட்டுப் பின்னிணைப்பாகச் சேர்க்கலாம். நீக்கச் சொல்லும் உரிமையை மட்டும் அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. அனுமதி கேட்டுப் போகும் முதல் நாளே, கையெழுத்தான கடிதத்தில் அந்த வரி இருக்க வேண்டும். பாதி வழியில் சொன்னால் பட்டியலும் போய்விடும், சீட்டோடு வந்தவர்களின் நம்பிக்கையும் போய்விடும்.